பெருநாள் காசில் வந்த முயல்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற கோடை விடுமுறைச் சிறுவர் வகுப்புகளின் நிறைவு நாளன்று, பெற்றோர்களிடையே ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "சார், இந்த ஆண்டு எந்தத் தலைப்பில் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "முயல்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. இதே மேடையில் உயர்கல்வி பற்றியும் இரத்ததானம் பற்றியும் பேசியவன் நான். வயதாகிவிட்டது, மனிதர் விளையாடுகிறார் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். விளையாட்டன்று. சென்ற பெருநாள் முடிந்த மறுவாரம், என் தெருவில் மட்டும் நான்கு வீடுகளுக்கு முயல்குட்டிகள் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்து வைத்து ஆசையோடு வாங்கியவை. இரண்டு மாதங்கள் கழிந்தபோது அந்த நான்கு வீடுகளில் ஒரு முயல் கூட உயிரோடு இல்லை. குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்கள், "முயல் அப்படித்தான், நிலைக்காது" என்று கூறிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

முயல் அப்படிப்பட்ட பிராணி அன்று என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முறையாகப் பேணப்படும் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இன்று வாங்கும் முயல், அப்பிள்ளை பிளஸ் டூ தேர்வு எழுதும்போதும் வீட்டில் இருக்க வேண்டியது. இரண்டு மாதத்தில் அது இறந்தால், முயலின் இயல்பைக் குறைகூறுவதில் பொருளில்லை. நம் பராமரிப்பில்தான் பிழை இருக்கிறது.

இதைக் கூற எனக்கு என்ன தகுதி என்றால், அதே பிழையைச் செய்தவன் என்பதே தகுதி. விலங்கியல் பாடத்தில் முயலின் உள்ளுறுப்புகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே காலம் கழித்தவன் நான். என் மகள் சிறுமியாக இருந்தபோது ஒரு வெள்ளை முயலை வாங்கி வந்து, இரும்புக் கம்பிக் கூண்டில் அடைத்து, மொட்டை மாடியின் தகரக் கொட்டகையில் வைத்தேன். காலையில் கேரட், மதியம் சோறு, மாலையில் பிஸ்கட். பதினொன்றாம் நாள் அது தின்பதை நிறுத்திற்று. "அத்தா, முயல் சாப்பிட மாட்டேங்குது" என்று மகள் வந்து சொன்னாள். "நாளைக்குச் சாப்பிடும்மா" என்றேன். மறுநாளும் தின்னவில்லை. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீதமிருந்த அமாக்சிசிலின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். மூன்றாம் நாள் சுபுஹு நேரத்தில் பார்த்தபோது அது விறைத்துக் கிடந்தது. நான் செய்த ஒவ்வொன்றும் தவறு என்பதைப் பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தேன். அந்தத் தவறுகளையே வரிசையாக எடுத்துக் கூறினால் இந்த உரை முடிந்துவிடும்.

முதலில், நாம் வளர்க்கும் பிராணி எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். வயல்வெளியிலும் கருவேலங்காட்டிலும் பழுப்பு நிறத்தில் பாய்ந்தோடுகிறதே, அது காட்டு முயல். அது வேறு இனம். தரையின் மேலேயே புல் மறைவில் படுத்துக்கொள்ளும். அதன் குட்டிகள் ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். கடையில் விற்கப்படுவது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த வீட்டு முயல். அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய தீபகற்பம். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம் அது. குட்டிகள் ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்தே கண் திறக்கும். குளிர்ந்த வளைக்குள் பகலைக் கழித்து, விடியலிலும் அந்தியிலும் வெளிவந்து புல் மேய்வது அதன் வாழ்க்கை. நம் கணக்கில் சொன்னால் சுபுஹு வேளையும் மஃரிபு வேளையுமே அதற்குச் சுறுசுறுப்பான நேரங்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையே அது உறங்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்நேரத்தில்தான் அதைத் தூக்கி விளையாட விரும்புவார்கள். அஸர் கழியட்டும் என்று அவர்களைச் சற்றுப் பொறுத்திருக்கச் செய்யுங்கள்.

அடுத்து உணவு. பெரும்பாலான முயல்கள் உணவினால்தான் இறக்கின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

முயலின் படம் என்றால் அதன் கையில் ஒரு கேரட் இருக்கும். சித்திரக்காரர்கள் செய்த பெருந்தீங்கு அது. கேரட்டில் சர்க்கரைச் சத்து மிகுதி. முயலுக்கு அது தின்பண்டமே அன்றி உணவாகாது. முயலின் உணவு புல். பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும் இரவும் பகலும் கூண்டில் குறைவின்றி இருக்க வேண்டும். அது தின்னும் உணவில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல் புல்லாகவே இருத்தல் நலம். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள். அவை அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்து மென்றால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். சோறும் பிஸ்கட்டும் தின்னும் முயலின் கடைவாய்ப் பற்கள் கூர்முனைகளாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்திக் கிழிக்கும். வாய் நிறையப் புண்ணோடு இருக்கும் முயல் எப்படித் தின்னும்?

இரண்டாவது காரணம் குடல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அசைபோடும் இரைப்பை உண்டு. முயலுக்கு அது இல்லை; அதற்குப் பதிலாகப் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்களே புல்லை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கு நாரே ஆதாரம். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் தீய நுண்ணுயிர்கள் பெருகி, வயிறு உப்பி, குடலின் அசைவு நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். அது நகராமல் நின்றால் உயிர் தங்காது.

இங்கே ஒரு செய்தியைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். முயல் இருவகைப் புழுக்கை இடும். ஒன்று உருண்டையான உலர்ந்த புழுக்கை. மற்றொன்று, பெரும்பாலும் பின்னிரவில், திராட்சைக் கொத்தைப் போன்று ஒட்டிக்கொண்டு வரும் மென்மையான எச்சம். இரண்டாவதை முயல் குனிந்து தன் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். "சீ, அசிங்கம்" என்று பிள்ளைகள் கூவுவார்கள். சிலர் அடித்துத் தடுப்பதும் உண்டு. தடுக்காதீர்கள். நுண்ணுயிர்கள் ஆக்கிக் கொடுத்த புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. மாடு அசைபோடுவதற்கு ஒப்பான செயல் அது. அந்த மென்மையான எச்சம் தின்னப்படாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தால், ஒன்று உணவில் மாவுச்சத்து மிகுந்துவிட்டது, அல்லது முயல் குனிய இயலாத அளவுக்குக் கொழுத்துவிட்டது என்று அறியலாம்.

சரி, எந்தப் புல்? நம் டெல்டாப் பகுதியில் இதற்குப் பஞ்சமே இல்லை. வரப்பில் விளையும் அறுகம்புல் மிக நன்று. மாட்டுக்குப் போடும் கினியாப் புல்லும் கம்பு நேப்பியர் புல்லும் ஏற்றவை. கொழுக்கட்டைப் புல்லும் ஆகும். குதிரைமசாலும் வேலிமசாலும் சத்து மிகுந்தவை. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்கும் சினைமுயல்களுக்கும் தாராளமாகத் தரலாம், வளர்ந்தவற்றுக்குச் சிறிதளவே போதும். "வீட்டில் வைக்கோல் போர் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம். அதை மட்டும் தின்று முயல் வாழாது. பச்சைப் புல் கிடைக்கும்போதே கூடுதலாக அறுத்து, நிழலில் பரப்பி உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் கட்டி வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் கை கொடுக்கும். பூசணம் பூத்த புல்லை மட்டும் ஒருபோதும் இடலாகாது. குவித்து வைத்துச் சூடேறிய பச்சைப் புல்லும் ஆகாது. வயல் வரப்பில் அறுப்பவர்கள், அங்கே பூச்சிமருந்து அடித்தார்களா என்று உரியவரைக் கேட்டுவிட்டே அரிவாளை வைக்க வேண்டும்.

புல்லுக்கு மேல், நாளொன்றுக்கு ஒரு கைப்பிடிக் கீரை. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் தழை ஆகியவை உகந்தவை. கேரட்டை நாம் தின்று தழையை முயலுக்குக் கொடுப்பதே சரியான பங்கீடு! முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. எப்போதாவது ஓர் இணுக்குத் தரலாம். முட்டைக்கோசு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். புதிய கீரை எதுவாயினும் முதல் நாள் ஓரிரு இலைகள் மட்டும் கொடுத்து, மறுநாள் புழுக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்ட வேண்டும். பழம் என்றால் வாரத்தில் ஓரிரு முறை, விரல் நுனி அளவு. கடையில் கிடைக்கும் முயலுக்கான குச்சித் தீவனம், உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராம் அளவில் நிற்கட்டும். கோழித் தீவனம் முயலுக்கு உரியதன்று. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட், அவகேடோ ஆகியவை அறவே கூடாதவை. கொல்லையில் அரளிச் செடி இருந்தால் முயலை அப்பக்கம் விடாதீர்கள். அதன் ஓர் இலையும் நஞ்சு.

தண்ணீரைப் பொறுத்தவரை, கவிழாத கனமான மண்சட்டியே சிறந்தது. ஒரு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மில்லிலிட்டர் வரை குடிக்கும். கோடையில் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். காலையிலும் மாலையிலும் மாற்றி ஊற்றுங்கள்.

இனி இருப்பிடம். நான் செய்த இரண்டாவது பெருந்தவறு மொட்டை மாடித் தகரக் கொட்டகை. முயலுக்கு உகந்த வெப்பம் பதினைந்து முதல் இருபது டிகிரி செல்சியஸ் வரை. முப்பதைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். நம் ஊரில் கத்திரி வெயிலில் நாற்பதை நெருங்குகிறது. முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல இளைத்து வெப்பத்தை வெளியேற்றும் திறனும் அதற்குக் குறைவு. அதன் நீண்ட காதுகளே அதற்கு வெப்பம் போக்கும் வாயில். மே மாதத்தில் தகரத்தின் கீழ் ஒரு முயலை வைப்பது, அதை அடுப்பில் வைப்பதற்குச் சமம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே பண்ணை முயல்களையும் வளர்த்து ஆய்வு செய்கிறார்கள். அந்தக் குளிரில் செழிப்பது எளிது. சமவெளியில் நாம்தான் அதற்கு நிழலையும் காற்றையும் ஏற்படுத்தித் தர வேண்டும்.

வீட்டுக்குள், தரைத்தளத்தில், கல் அல்லது சிமெண்டுத் தரையுள்ள அறையே கோடைக்கு ஏற்றது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் நிரப்பி, உறைபெட்டியில் வைத்துக் கட்டியாக்கி, துணி சுற்றி முயலின் அருகே வைத்தால் அது வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். மின்சாரம் நின்ற பகற்பொழுதில் இந்த ஒரு பாட்டில் ஓர் உயிரைக் காக்கும். காதுகள் சிவந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் வடிந்து, முயல் துவண்டு கிடக்குமானால் அது வெப்பத்தாக்குதல். உடனே நிழலுக்குக் கொண்டு போய், சாதாரண நீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்து, மின்விசிறியின் கீழ் வைத்து மருத்துவரிடம் விரைய வேண்டும். ஐஸ் நீரில் முக்கிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியே அதைக் கொல்லும். பொதுவாகவும் முயலைக் குளிப்பாட்டுதல் கூடாது. பூனையைப் போல அது தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பிராணி.

கூண்டின் அடிப்புறம் கம்பி வலையாக இருந்தால் அதன் மேல் பலகையோ கோணிச் சாக்கோ விரிக்க வேண்டும். நாய், பூனைகளைப் போல முயலின் பாதத்தில் மெத்தென்ற தசைத்திண்டு கிடையாது, ரோமம் மட்டுமே. கம்பியின் மேலேயே நிற்கும் முயலுக்குக் குதிகாலில் புண் வந்து சீழ் வைக்கும். கூண்டில் அது மூன்று முறை தாவிச் செல்லவும், பின்னங்கால்களில் எழுந்து நிற்கவும் இடம் வேண்டும். அதுவும் உறங்குமிடம் மட்டுமே. நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் அறையில் அவிழ்த்து விடுங்கள். அப்போது மின்கம்பிகள் எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முயலின் பல்லுக்கு மின்கம்பி ஒரு வேர்தான். ஒரு மூலையில் தட்டு வைத்துச் செய்தித்தாளும் அதன் மேல் உலர்புல்லும் பரப்பினால், சில நாட்களில் அங்கேயே சென்று மலசலம் கழிக்கப் பழகிவிடும். தட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். சிறுநீரின் நெடியும் கொசுவர்த்திப் புகையும் அதன் நுரையீரலை எளிதில் கெடுத்துவிடும். சிறுநீர் வெண்மையாகக் கலங்கியோ, கீரையின் நிறமிகளால் செம்மஞ்சளாகவோ இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

இரவில் கூண்டை நன்கு பூட்டுங்கள். தெருநாயும் பூனையும் மட்டுமின்றிப் பெருச்சாளியும் முயலைக் கடிக்கும். கடிக்கக்கூட வேண்டாம், நாய் கூண்டைச் சுற்றிக் குரைத்தாலே அச்சத்தால் முயல் இறந்துவிடுவதுண்டு. வெடிச்சத்தமும் அவ்வாறே. அத்தகைய இரவுகளில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியை உள்ளே வையுங்கள்.

தூக்கும் முறையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்று. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமையாகும். கடைக்காரர் அவ்வாறு தூக்கிக் காட்டினால் அவரிடம் வாங்காதீர்கள். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் சுமார் எட்டு சதவீதமே. பின்னங்கால்களோ வலிமை மிக்கவை. அந்தரத்தில் தொங்கும்போது அது திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஒரு கையை நெஞ்சுக்குக் கீழும் மறு கையைப் பின்புறத்தைத் தாங்கியும் வைத்து, மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். தரையில் அமர்ந்து காத்திருந்தால் அதுவே மடியில் ஏறும். முயலுக்கு மூக்கின் முன்னே சிறிதளவு இடம் தவிர ஏறத்தாழச் சுற்றிலும் பார்வை உண்டு. மேலிருந்து ஒரு கை இறங்கினால் பருந்து என்றே அது எண்ணும். பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டினால் அச்சம் என்று பொருள். திடீரென்று துள்ளி, காற்றில் உடலை முறுக்கித் திரும்பினால் அது மகிழ்ச்சி. இத்துள்ளலைக் கண்டபின் என் மகள் நெடுநேரம் கைதட்டிக் கொண்டிருந்தாள். ஆம், இரண்டாவது முயல் ஒன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்தது.

இப்போது இந்த உரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மற்றவை மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

முயல் பிறவியிலேயே இரைப்பிராணி. நோயுற்றதை வெளியே காட்டினால் வேட்டைவிலங்கு தன்னைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால், வலியை மறைத்து அமைதியாக அமர்ந்திருப்பது அதன் இயல்பு. அழாது, முனகாது. ஆகவே நாம்தான் இரண்டு செய்திகளை நாள்தோறும் கவனிக்க வேண்டும்: புல் குறைந்திருக்கிறதா, புழுக்கை விழுந்திருக்கிறதா. பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் ஒன்றும் தின்னவில்லை என்றாலோ, புழுக்கையே இடவில்லை என்றாலோ, அது அவசரநிலை. "நாளைக்குச் சாப்பிடும்" என்று நான் என் மகளிடம் சொன்னேனே, அந்த வார்த்தைதான் அதைக் கொன்றது. இரவில் புல் தொடப்படவில்லை என்றால் காலையிலேயே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நம் பகுதியில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர்களில் இருக்கும் உறவினர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களின் கல்லூரிகளைச் சொல்லலாம். உள்ளூர் மருந்தகத்தில் மாடும் ஆடுமே மிகுதியாக வரும் என்பதால், முயல் என்பதை முன்கூட்டித் தொலைபேசியில் தெரிவித்துவிட்டுச் செல்வது நலம்.

நம் கைமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஊற்றிய அமாக்சிசிலினும் பெனிசிலின் வகையைச் சேர்ந்ததே. அவ்வகை மருந்துகள் வாய்வழியே சென்றால் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு நுண்ணுயிர்கள் பெருக வழிசெய்யும். குழந்தையைக் காக்கும் மருந்து முயலுக்கு நஞ்சாகிறது. அவ்வாறே நாய்களின் உண்ணிக்காகக் கழுத்தில் விடப்படும் ஃபிப்ரோனில் என்னும் மருந்தும் முயலைக் கொல்லக்கூடியது. நம் ஊரில் முயலுக்கு மிகுதியாக வருவது சொறி. காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிதல், மூக்கிலும் பாதத்திலும் ரோமம் கொட்டி வெண்பொருக்கு கட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், கடும் வலி தரும். மருத்துவர் எடை பார்த்துப் போடும் ஊசியில் குணமாகிவிடும். வட்டமாக ரோமம் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் தொற்றும். மழைக்காலத்தில் வால்புறம் அசுத்தமாக இருந்தால் ஈ மொய்த்து முட்டையிட்டு, ஓரிரு நாட்களிலேயே புழு வைத்துவிடும். ஆகவே ஈரநாட்களில் அடிப்பக்கத்தைத் தினமும் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தாயிடமிருந்து மிக இளமையில் பிரித்த உள்ளங்கையளவுக் குட்டிகளையே கடைகளில் விரும்பி விற்கிறார்கள். "இது இவ்வளவுதான் வளரும்" என்று கூறுவதும் உண்டு, நம்பாதீர்கள். எட்டு வாரம் நிறைந்த குட்டியையே வாங்குங்கள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன; பதிவுச் சான்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "ஜோடியாக வாங்குங்கள், இரண்டும் பெண்தான்" என்று எனக்கு ஒருவர் கொடுத்தார். நான்காம் மாதம் அதில் ஒன்று வயிற்று ரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. முயலின் சினைக்காலம் சுமார் முப்பத்தொரு நாட்கள். ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1859-இல் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் பெருகி ஒரு கண்டத்தையே மேய்ந்த வரலாறு அனைவரும் அறிந்ததே. ஆகவே, மூன்று மாதம் ஆனதும் மருத்துவரிடம் காட்டி ஆண், பெண் உறுதி செய்து பிரித்து வையுங்கள். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று குதறிவிடும். முயல் துணையை நாடும் பிராணி; கருத்தடை செய்த இணையே அதற்கு நிறைவான வாழ்க்கை. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதிற்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒருவேளை குட்டி ஈன்றுவிட்டால், தாய் அருகிலேயே இருக்கவில்லை என்று பதறாதீர்கள். நாளொன்றுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே அது பாலூட்டும். அதற்குள் நாம் பசும்பாலை ஊற்றிக் குட்டிகளைக் கொன்றுவிடக் கூடாது.

"இனி வளர்க்க முடியவில்லை, வயலில் விட்டுவிடலாமா?" என்று சென்ற மாதம் ஒரு தம்பி கேட்டார். வெள்ளை நிறமும் சிவந்த கண்களும் கொண்ட அந்தப் பிராணி நம் வயலில் ஓர் இரவைத் தாண்டாது. வளர்க்க இயலாதவர்கள் வளர்ப்பவரிடம் ஒப்படையுங்கள்; ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், தேடித் தருகிறேன். அதைப் போன்றே, பெருநாள் விடுமுறைக்கு வெளியூர் செல்லும் குடும்பங்கள், "இரண்டு நாள்தானே" என்று கூண்டை நிரப்பிவிட்டுச் செல்கின்றன. பன்னிரண்டு மணிக் கணக்கு அப்போதும் மாறாது. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சாவியைக் கொடுத்துச் செல்லுங்கள். நோன்பு மாதத்தில் மட்டும் முயலுக்கு நல்ல காலம். ஸஹருக்கு எழும் வீட்டில் அதன் புல்லும் அந்நேரமே நிரம்பிவிடுகிறது.

இவ்வளவும் கேட்டபின், "இது நமக்கு ஒத்து வராது" என்று எவரேனும் முடிவு செய்தால், அதுவும் நல்ல முடிவே என்று மகிழ்வேன். பிள்ளை கேட்கிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். பிள்ளை உதவி செய்யும், பொறுப்பு பெரியவருடையதே. இடம், நிழல், நாள்தோறும் ஒரு கட்டுப் புல், காலை மாலை அரைமணி நேரம் ஆகிய இவை இருந்தால் வாங்குங்கள்.

நேரமாகிவிட்டது, தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நம் பள்ளிவாசலின் கிழக்கு வாயிலருகே, வரப்பில் அறுத்து நிழலில் உலர்த்திய அறுகம்புல் ஆறு கட்டுகள் வைத்திருக்கிறேன். வீட்டில் முயல் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம். மருந்து அடிக்காத வரப்பு. நானே பார்த்து அறுத்தது. வஸ்ஸலாம்.